ஒரே கணினியில் இரண்டு ஜாவா: வாசகர் கேள்வி பதில்

அலுவலகக் கணினிகளில் மென்பொருளை நிறுவாமலேயே ஓட விடலாம், அதற்கு மெய்நிகராக்கம் என்று பெயர் என்று சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இந்த மாதப் பக்கங்களை நிரப்பிவிட்டன. நான் 2007-இல் சென்னையில், மென்பொருள்களை இப்படிக் கட்டிக் கொடுக்கும் இந்த வேலைக்குச் சேர்ந்தேன். பேக்கேஜிங் வேலை என்று ஊரில் சொன்னபோது, அட்டைப்பெட்டிக் கம்பெனி என்றுதான் என் அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தார். முழுத் தவறு என்றும் சொல்ல முடியாது.

கல்லூரி ஆய்வகப் பொறுப்பாளர், திருநெல்வேலி: மேடம், எங்கள் ஆய்வகத்தில் 60 கணினிகள். ஒரு துறையின் செய்முறை மென்பொருள் ஓடுவதற்கு ஜாவா 6 என்ற துணை மென்பொருள் வேண்டும். இன்னொரு துறைக்கு ஜாவா 8. ஒன்றை நிறுவினால் மற்றது படுத்துவிடுகிறது. பருவத்துக்கு இருமுறை 60 கணினிகளையும் துடைத்து நிறுவுகிறோம். மெய்நிகராக்கம் இதற்கு உதவுமா?

உதவும். ஆனால் முதலில் நோய் எங்கே என்று பார்த்துவிடுவோம். ஜாவா 6-உம் 8-உம் வட்டில் வேறு வேறு கோப்புறைகளில் உட்காருபவை. அவற்றுக்குள் இடத்தகராறு கிடையாது. தகராறெல்லாம் ஒரே ஒரு நாற்காலிக்கு. விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஜாவாவின் ‘தற்போதைய பதிப்பு’ என்று ஓர் இடம் இருக்கிறது. கடைசியாக வந்தவர் அதில் தன் எண்ணை எழுதிவிட்டுப் போவார். உங்கள் பழைய மென்பொருள் திறக்கும்போது அந்த இடத்தை எட்டிப் பார்க்கிறது. நீங்கள் அனுப்பிய புகைப்படத்தில் இருக்கும் சின்னப் பெட்டி சொல்வது அதைத்தான்: இங்கே 1.8 என்றிருக்கிறது, எனக்கு 1.6 வேண்டும்.

வழக்கமாக நிறுவும் மென்பொருள் வாடகைக்கு வரும் குடித்தனக்காரர் போல. சுவரெங்கும் ஆணி அடிப்பார். காலி செய்துகொண்டு போன பிறகும் ஆணிகள் அங்கேயே இருக்கும். மெய்நிகராக்கிய மென்பொருள் வாரச் சந்தைக்கு வரும் வியாபாரி. சாக்கு, தராசு, படிக்கல், குடை எல்லாம் அவருடையவை. விரிப்பார், விற்பார், சுருட்டிக்கொண்டு கிளம்புவார். உங்கள் பழைய மென்பொருளையும் ஜாவா 6-ஐயும் ஒரே பேக்கேஜாகக் கட்டிவிட்டால், ரெஜிஸ்ட்ரியின் அந்த இடத்தை அது கேட்கும்போதெல்லாம் ஆப்-வி என்ற மெய்நிகராக்கக் கருவி இடையில் புகுந்து, பேக்கேஜுக்குள் இருக்கும் பிரதியைக் காட்டும். அதில் 1.6 என்றிருக்கும். பக்கத்து ஜன்னலில் ஓடும் மென்பொருள் உண்மையான ரெஜிஸ்ட்ரியைப் பார்த்து 1.8 என்று படித்துக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் சண்டையே இல்லை.

செலவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மைக்ரோசாஃப்டின் ஆப்-வி, 2016-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பிலிருந்து இயங்குதளத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் எண்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில் மட்டும். உங்கள் ஆய்வகத்தில் எஜுகேஷன் பதிப்பு என்றால் அதை முடுக்கிவிட்டால் போதும். புரோ பதிப்பு என்றால் இந்தக் கதவு திறக்காது. பேக்கேஜ் கட்டும் சீக்வென்சர், மைக்ரோசாஃப்டின் ஏடிகே என்ற இலவசத் தொகுப்பில் கிடைக்கும். 60 கணினிக்குத் தனிச் சர்வர் எல்லாம் வேண்டாம். சீக்வென்சர் பேக்கேஜோடு எம்எஸ்ஐ என்ற நிறுவல் கோப்பு ஒன்றையும் சேர்த்துக் கொடுக்கும். அதை உங்கள் வழக்கமான முறையிலேயே அனுப்பலாம்.

ஓர் எச்சரிக்கை. ஜாவா 6-க்குப் பொதுவான பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது 2013-இலேயே நின்றுவிட்டது. பேக்கேஜுக்குள் வைத்துவிட்டதால் அதன் ஓட்டைகள் அடைபட்டுவிடாது. பேக்கேஜ் ஓடும் இந்தத் தனிக் குமிழியைச் சிறைச்சாலை என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே ஓடும் மென்பொருள் வெளியே இருக்கும் கோப்புகளைத் தாராளமாகப் படிக்கும், எழுதும்.

மதுரை வாசகர்: மெய்நிகர் கணினி, ரிமோட் டெஸ்க்டாப், இது – மூன்றும் ஒன்றுதானே?

மூன்று வேறு சங்கதிகள். மெய்நிகர் கணினியில் இயங்குதளமே இன்னொன்று ஓடும். ஒரு சின்ன மென்பொருளுக்காக முழு விண்டோஸையும் சுமக்க வேண்டும். ரிமோட் டெஸ்க்டாப்பில் மென்பொருள் எங்கோ ஒரு சர்வரில் ஓடும், உங்களுக்குப் படம் மட்டும் வரும். நாம் பேசுவதில் மென்பொருள் உங்கள் கணினியிலேயே, உங்கள் நினைவகத்தையே தின்றுகொண்டு ஓடுகிறது. அது அங்கே நிறுவப்படவில்லை, அவ்வளவுதான் வேறுபாடு.

பயிற்சிப் பொறியாளர், கோயம்புத்தூர்: சீக்வென்சிங், அதாவது பேக்கேஜ் கட்டுவது எப்படி என்று படித்துவிட்டேன். ‘அடுத்து, அடுத்து’ என்று அழுத்திக்கொண்டு போனால் முடிந்துவிடுகிறது. இதற்கு ஏன் தனியாக ஆள் வைத்திருக்கிறார்கள்?

தம்பி, உங்கள் கேள்வியில் ஒரு கிண்டல் தெரிகிறது. நானும் முதல் மாதம் இப்படித்தான் நினைத்தேன்.

சீக்வென்சர் செய்வது ஒரே வேலை. சுத்தமான கணினி ஒன்றில் உட்கார்ந்துகொண்டு, நீங்கள் மென்பொருளை நிறுவும்போது எந்தக் கோப்பு எங்கே போய் விழுகிறது, ரெஜிஸ்ட்ரியில் எந்த வரி மாறுகிறது என்று குறித்துக்கொள்ளும். அந்தக் குறிப்புகளின் மூட்டைதான் பேக்கேஜ். அதற்குப் பகுத்தறிவு கிடையாது. அந்த நேரத்தில் விண்டோஸ் அப்டேட் பின்னணியில் ஓடினால் அதையும் குறித்துக்கொள்ளும். நச்சுநிரல் தடுப்பான் தன் பட்டியலைப் புதுப்பித்தால் அதுவும் உள்ளே வந்துவிடும். கல்யாண வீட்டில் மொய் எழுத உட்கார்ந்த பையன், பந்தியில் எத்தனை இலை விழுந்தது என்பதையும் சேர்த்து எழுதினால் எப்படி இருக்கும்? ஆகவே இவற்றையெல்லாம் முதலில் நிறுத்தி வைக்க வேண்டும். நிறுவி முடித்ததும் மென்பொருளை ஒருமுறை திறந்து, ‘புதிய பதிப்பை நானே தேடிக்கொள்வேன்’ என்று அது கேட்கும் இடங்களை எல்லாம் அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு பயனரின் கணினியிலும் அது தனித்தனியாக வளர ஆரம்பிக்கும்.

என் கதையைச் சொல்கிறேன். 2009 என்று நினைவு. ஆப்-வி 4.5 காலம். அப்போது மென்பொருளை ‘கியூ’ என்ற ஒரு கற்பனை டிரைவில் நிறுவ வேண்டும், கோப்புறைப் பெயர் எட்டு எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்றெல்லாம் ஆசாரம் உண்டு. ஐரோப்பிய வாடிக்கையாளர் ஒருவருக்காகக் காப்பீட்டுக் கணக்கு மென்பொருள் ஒன்றைக் கட்டினேன். என் கணினியில் திறந்தது. பக்கத்து இருக்கைத் தோழியின் கணினியில் திறந்தது. ஆவணத்தில் கையெழுத்துப் போட்டு வெள்ளிக்கிழமை அனுப்பிவிட்டேன்.

திங்கட்கிழமை அவர்களுக்குக் காலை, நமக்கு மதியச் சாப்பாட்டு நேரம். டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தபோது தொலைபேசி. முந்நூறு சொச்சம் பேருக்கு மென்பொருள் திறக்கவில்லை. எல்லோருக்கும் ஒரே செய்தி: ‘சீக்03 என்ற கணினியைக் காணவில்லை.’ அவர்களுடைய வலையமைப்பில் அப்படி ஒரு கணினியே கிடையாது என்று அந்தப் பக்கத்து நிர்வாகி சத்தியம் செய்கிறார். நான் எதிரே பார்த்தேன். என் திரையின் ஓரத்தில் மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. அதில் என் கையெழுத்திலேயே ‘சீக்03’ என்று எழுதியிருந்தது. நான் பேக்கேஜ் கட்டிய கணினியின் பெயர்.

மென்பொருள் நிறுவும்போது தன் அமைப்புகளை வைத்துக்கொள்ளும் ஓர் ஐஎன்ஐ கோப்பில் அந்தக் கணினியின் பெயரை எழுதி வைத்திருக்கிறது. ஒவ்வொரு கணினியிலும் முறையாக நிறுவியிருந்தால் ஒவ்வொன்றும் தன் பெயரை எழுதியிருக்கும். நானோ ஒரு கணினியின் நிறுவலை உறையவைத்து முந்நூறு பேருக்கும் கொடுத்துவிட்டேன். அது சென்னையில் என் மேஜையைத் தேடிக்கொண்டிருந்தது. என் அலுவலகத்தில் சோதித்தபோது ஏன் ஓடியது? சீக்03 அங்கே இருந்ததே! மென்பொருள் திறப்பதற்குச் சற்று முன்னால் அந்த வரியில் உண்மையான பெயரை எழுதிவிடும் ஒரு சிறு ஸ்கிரிப்டைச் சேர்த்து மாலைக்குள் திரும்ப அனுப்பினோம். டிபன் பாக்ஸ் அப்படியே வீடு திரும்பியது.

அன்றிலிருந்து பேக்கேஜைச் சேமிக்கும் முன் இரண்டு சொற்களை உள்ளே தேடுகிறேன்: கட்டிய கணினியின் பெயர், என் பயனர் பெயர். பத்து நிமிடம் ஆகும். சோதனையையும் நம் வலையமைப்பைத் துண்டித்துவிட்டுத்தான் செய்கிறேன். ‘அடுத்து’ என்று அழுத்துவதற்கு ஆள் வேண்டாம் என்பது சரிதான். எந்தக் கோப்பைச் சந்தேகப்பட வேண்டும் என்பதற்கு வேண்டும். பிராசஸ் மானிட்டர் என்ற கருவியை இறக்கி, ஏதாவது ஒரு மென்பொருள் திறக்கும் முதல் பத்து விநாடியில் எத்தனை கோப்புகளைத் தொடுகிறது என்று பாருங்கள். அடுத்த கடிதத்தில் கிண்டல் இருக்காது.

அச்சக உரிமையாளர், சிவகாசி: எங்களிடம் பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கர் 7-இல் செய்த இருபது ஆண்டு வேலைகள் இருக்கின்றன. புதிய கணினிகளில் விண்டோஸ் 11. பேஜ்மேக்கரை இந்த முறையில் கட்டிக் கொடுத்தால் ஓடுமா அம்மா?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இது. அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். மெய்நிகராக்கம் ஒரு மென்பொருளை மற்ற மென்பொருள்களிடமிருந்து பிரித்து வைக்கும். இயங்குதளத்திடமிருந்து பிரிக்காது. சந்தை வியாபாரி தராசு கொண்டுவரலாம், தரையைக் கொண்டுவர முடியாது. பேஜ்மேக்கர் 7 வந்தது 2001-இல். முதலில் புதிய கணினி ஒன்றில் கையால் நிறுவிப் பாருங்கள். அங்கே ஓடவில்லை என்றால் பேக்கேஜாகக் கட்டினாலும் ஓடாது. இன்னும் பழைய காலத்து 16-பிட் மென்பொருள் ஏதாவது வைத்திருந்தால், 64-பிட் விண்டோஸில் அதற்கு வழியே இல்லை. அவற்றுக்கெல்லாம் விண்டோஸ் எக்ஸ்பி ஏற்றிய மெய்நிகர் கணினி ஒன்றை வைத்துக்கொள்வது நல்லது. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலில் முடிந்துவிட்டதால் அதை இணையத்தோடு இணைக்காதீர்கள்.

கையால் நிறுவி ஓடிவிட்டது என்று வையுங்கள். அப்போது உங்களுக்கு ஒரு நல்ல பலன் உண்டு: எழுத்துருக்கள். உங்கள் பழைய கோப்புகளில் இருப்பது, எழுத்துகளுக்கு உலகப் பொதுவான எண் தரும் யூனிகோடு தமிழ் அன்று. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்த எழுத்துருக்கள். ஒரு கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் கல்யாணப் பத்திரிகை முழுக்கக் கோழி கிறுக்கியதுபோல் வரும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த எழுத்துருக்களைப் பேக்கேஜுக்குள்ளேயே வைத்துவிட்டால், எந்தக் கணினியில் திறந்தாலும் அதே எழுத்து. நூற்றுக்கணக்கில் திணிக்காதீர்கள், திறக்கும் நேரம் கூடும். தமிழ் விசைப்பலகை மென்பொருளை மட்டும் உள்ளே வைக்காமல் கணினியிலேயே நிறுவுங்கள். எல்லா மென்பொருளிலும் தட்டச்சு விழ வேண்டும் என்றால் அது குமிழிக்கு வெளியே இருக்க வேண்டும்.

2010-இல் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்16 என்ற இன்னொரு தமிழ்க் குறியீட்டு முறையையும் தரமாக அறிவித்ததும் நினைவிருக்கட்டும். பழைய வேலைகளை யூனிகோடுக்கு மாற்றிவைக்கும் பொறுமையான பையன் ஒருவன் கிடைத்தால், பேக்கேஜைவிட அவனுக்குப் பணம் கொடுப்பது லாபம்.

சேலம் வாசகர்: எங்கள் சங்கத்துக்குப் பதினான்கு கிளைகள். கிளைக்கு எட்டுக் கணினிகள், இணைப்பு 2 எம்பிபிஎஸ். ‘ஸ்ட்ரீமிங்’ முறையில் மென்பொருள் உடனே வந்துவிடும் என்று விற்பனையாளர் சொல்கிறார். நம்பலாமா?

ஒரு காகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மென்பொருள் 500 எம்பி, எட்டுக் கணினிக்கு 4,000 எம்பி. ஒரு பைட்டுக்கு எட்டு பிட் என்பதால் எட்டால் பெருக்கினால் 32,000 மெகாபிட். 2 எம்பிபிஎஸ் கம்பியில் 16,000 விநாடி, அதாவது சுமார் நாலரை மணி நேரம். அதுவும் கம்பியில் வேறு எதுவும் போகாமல் இருந்தால். ஸ்ட்ரீமிங் என்பது, திறப்பதற்குத் தேவையான பகுதியை முதலில் அனுப்பிவிட்டு மீதியைக் கேட்கும்போது அனுப்புவது. அந்த முதல் பகுதி 90 எம்பி என்று வைத்தாலும், எட்டுப் பேரும் காலை பத்து மணிக்கு ஒன்றாகத் திறந்தால் 48 நிமிடம். ‘உடனே’ என்று அவர் சொன்னது எந்த ஊர்க் கணக்கு என்று கேளுங்கள்.

வழி இருக்கிறது. கிளைக்கு ஒரு கணினியில் பேக்கேஜை ஒரே ஒருமுறை நகலெடுத்து, மற்றவை அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்படி அமைக்கலாம். மூலம் எந்த இடம் என்று மாற்றிச் சொல்ல ஆப்-வியில் ஓர் அமைப்பே உண்டு. வேலை நேரத்துக்கு முன் பேக்கேஜ் முழுவதையும் இறக்கி வைக்கச் சொல்லுங்கள். பாதி இறங்கிய மென்பொருளில் யாராவது புதிய பட்டன் ஒன்றை அழுத்தும் நேரம் பார்த்துத்தான் இணைப்பு அறுந்துபோகும்.

இன்னொன்று: பாஸ்புக் பிரிண்டரை இயக்கும் டிரைவர், டிஜிட்டல் கையொப்ப டோக்கனின் டிரைவர் இரண்டையும் பேக்கேஜுக்குள் வைக்க முடியாது. டிரைவர் இயங்குதளத்தின் அடிமடியில் உட்காரும் பொருள். அவற்றை வழக்கம்போல் நிறுவத்தான் வேண்டும்.

ஈரோடு வாசகர்: மெய்நிகராக்கினால் உரிமம் குறைவாக வாங்கலாமா?

கூடாது. ஒப்பந்தத்தில் கணினிக்கு ஒன்று என்றிருந்தால் கணினிக்கு ஒன்றுதான். நிறுவவில்லையே என்று வாதாடினால் தணிக்கைக்கு வருகிறவர் சிரிப்பார், பிறகு பில் அனுப்புவார்.

கடைசி ஆண்டு மாணவி, விருதுநகர்: ஆப்-வி செத்துவிட்டது என்கிறார்கள். படிக்கலாமா?

பாஸ்டனில் சாஃப்ட்ரிசிட்டி என்ற நிறுவனம் சாஃப்ட்கிரிட் என்ற பெயரில் செய்த பொருள் இது. 2006-இல் மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தையே வாங்கிப் பெயரை ஆப்-வி என்று மாற்றியது. 2008-இல் விஎம்வேர் நிறுவனம் இதே வகையைச் சேர்ந்த தின்ஸ்டாலை வாங்கி தின்ஆப் ஆக்கியது. ஆப்-வியின் சர்வர் பகுதிக்கான ஆதரவுக்கு மைக்ரோசாஃப்ட் குறித்த கடைசி நாள் 2026 ஏப்ரல் 14. ஆகவே புதிதாகச் சர்வர் கட்டும் வேலையைக் கற்க வேண்டாம். மைக்ரோசாஃப்ட் 2018-இல் அறிவித்த எம்எஸ்ஐஎக்ஸ் என்ற பேக்கேஜ் வகையைப் படியுங்கள். அது பேக்கேஜை 64 கேபி துண்டுகளாகக் கணக்கு வைத்துக்கொள்வதால், புதிய பதிப்பு வரும்போது மாறிய துண்டுகள் மட்டும் இறங்கும். சேலத்துக்காரருக்கு இதைக் கேட்டால் பிடிக்கும். பேக்கேஜில் டிஜிட்டல் கையொப்பம் இல்லாவிட்டால் எம்எஸ்ஐஎக்ஸ் வாசலிலேயே திருப்பி அனுப்பும். தன் கோப்புறைக்குள்ளேயே எழுதிக்கொள்ளும் பழைய மென்பொருள்கள் அதில் முரண்டு பிடிக்கும், அவற்றை வழிக்குக் கொண்டுவரும் வேலைக்குத்தான் ஆள் தேவைப்படுகிறது. எதைக் கற்றாலும் மேலே கோவைத் தம்பிக்குச் சொன்ன தேடும் பழக்கம் மாறப்போவதில்லை.

கணக்குப் பிரிவு ஊழியர், திருச்சி: எங்கள் அலுவலகத்தில் மென்பொருளை இப்படித்தான் கொடுத்திருக்கிறார்கள். போன வாரம் அது அடிக்கடி நின்றதால் கணினிப் பிரிவில் சொன்னேன். அந்தப் பையன் ‘ரிப்பேர்’ என்று அழுத்தினான். சரியாகிவிட்டது. ஆனால் நான் நான்கு ஆண்டாகச் சேர்த்து வைத்திருந்த 42 படிவ மாதிரிகள் காணாமல் போய்விட்டன. மென்பொருளுக்குள்ளேதான் சேமித்தேன். எங்கே போயின அம்மா?

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தவறு உங்களுடையது அன்று.

உங்கள் மென்பொருள் மூன்று அடுக்காக இருக்கிறது. அடியில் கணினி. நடுவில் பேக்கேஜ், அதில் யாரும் எழுத முடியாது. மேலே உங்கள் பெயரில் மெல்லிய ஓர் அடுக்கு. நீங்கள் மென்பொருளின் கோப்புறைக்குள் சேமித்ததாக நினைத்த ஒவ்வொரு படிவமும் உண்மையில் அந்த மேலடுக்கில்தான் விழுந்திருக்கிறது. பார்வைக்கு எல்லாம் ஒரே கோப்புறைதான். அந்தப் பையன் அழுத்திய கட்டளை, பயனரின் மேலடுக்கைத் துடைத்துவிட்டுப் பேக்கேஜைப் புத்தம் புதிதாகக் காட்டும். மென்பொருள் நின்றுபோனதற்குக் காரணமான கெட்ட கோப்பும் உங்கள் படிவங்களும் ஒரே அடுக்கில் இருந்தன. இரண்டும் சேர்ந்தே போய்விட்டன. ஆறு மாத அனுபவத்தில் நானும் ஒருவருடைய மேலடுக்கைத் துடைத்திருக்கிறேன். அந்த அம்மாள் என்னைத் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

இனி செய்ய வேண்டியது. அந்த மேலடுக்கு, உங்கள் பயனர் கோப்புறைக்குள் ‘ஆப்டேட்டா’வின் கீழ் ‘லோக்கல்’ என்ற இடத்தில் இருந்திருக்கும். அந்தக் கோப்புறையை வலது சொடுக்கிட்டு ‘முந்தைய பதிப்புகள்’ பட்டியலில் ஏதாவது தேதி இருக்கிறதா என்று கணினிப் பிரிவில் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் கணினியில் அந்த வசதியை முன்பே இயக்கி வைத்திருந்தால்தான் இருக்கும். அவர்கள் பார்க்கும் வரை அந்தக் கணினியில் புதிதாக எதையும் நிறுவ விடாதீர்கள். அது கிடைக்காவிட்டாலும், மண்டல அலுவலகத்துக்கு மாதாமாதம் அனுப்புவதாக எழுதியிருக்கிறீர்களே, அந்த மின்னஞ்சல்களில் நிரப்பிய படிவங்கள் இணைப்பாகப் போயிருக்கும். ‘அனுப்பியவை’யில் மார்ச் மாதத்திலிருந்து தொடங்குங்கள். ஆண்டுக் கணக்கு முடிக்கும் மாதத்தில்தான் எல்லாப் படிவமும் ஒருமுறையாவது வெளியே போயிருக்கும். எண்களை அழித்துவிட்டு, இந்த முறை ‘டாக்குமெண்ட்ஸ்’ கோப்புறையில் சேமியுங்கள்.